ஒத்தத் துரையின் பனி லீவு

ஊசிமலைத் தோட்டத்தில் பனியைக் கண்டால் யாருக்கும் ஆகாது. மார்கழி, தை மாதங்களில் விடிந்து எழுந்து பார்த்தால் தண்ணி வந்து விழுகிற பீலியைச் சுற்றிப் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். வெயில் ஏறினதும் பள்ளத்துத் தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிப்போகும். வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். கொழுந்தெடுக்கிற பொம்பளைகள் விரல் மரத்துப்போய், "இந்தச் சனியன் பிடிச்ச பனி எப்பத்தான் போய்த் தொலையுமோ" என்று திட்டிக்கொண்டே மலை ஏறுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, காசு கொடுத்து, கப்பலேறி, பனியைத் தேடிப் போகப் போகிறேன் என்று ஒரு மனுசன் வருசா வருசம் திட்டம் போட்டால் சனங்கள் என்ன சொல்லும்? கிரீவ்ஸ் துரைக்கு மூளை கலங்கிப்போச்சு என்றுதான் சொன்னது.

அவருக்குத் தோட்டத்தில் வைத்திருந்த பெயர் ஒத்தத் துரை. துரைசானி கிடையாது, பிள்ளை குட்டி கிடையாது. விருந்து வைக்கிறதும் இல்லை, விருந்துக்குப் போகிறதும் இல்லை. மலை உச்சியில் அறை அறையாகப் பங்களா. அதில் ராத்தங்குகிற உயிர் மூன்றே மூன்று. துரை, அவருடைய நாய் ஜூனோ, அப்பு சோலைமலை. தோட்டக்கார வீரய்யா பகலில் வந்து பூஞ்செடிகளைக் கொத்திவிட்டு, சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிவிட்டு, பொழுது சாய, தோட்டத்து ஆள்கள் குடியிருக்கிற லயத்துக்கு இறங்கிவிடுவான்.

அப்பு என்றால் பங்களாவில் சமையல், பரிமாறுதல், துணி மடிப்பது, சப்பாத்துக்கு மினுக்குப் போடுவது எல்லாம் ஒரே ஆள். சோலைமலைக்கு அந்தப் பங்களாவே உலகம். மூன்று துரைமாருக்குச் சமைத்துப் போட்டவர். முந்தின இரண்டு பேரும் அவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். கிரீவ்ஸ் துரை ஒருத்தர்தான் "அப்பு" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். ஒரு மனுசனைக் கட்டிப்போட அது போதாதா, சொல்லுங்கள்.

அடைமழை ஓய்ந்து குளிர் தொடங்குகிற நாளில் சீமையிலிருந்து படப் புத்தகங்கள் வரும். அன்றைக்கு ஆரம்பித்துவிடும் துரையின் கூத்து. சாப்பாடு முடிந்து நெருப்படுப்பு முன்னால் உட்காருவார். மேசையில் தேசப்படத்தை விரிப்பார். ஜூனோ காலடியில் படுத்திருக்கும். சோலைமலை கையைக் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்.

"அப்பு, இங்கே வா. பாரு" என்பார் துரை. துரைமாருக்கு வருகிற தமிழ் அதுதானே. "இது நார்வே. இது மேலே, மேலே, கடைசி. இங்கே ஒரு ஊர். மலை முழுசும் பனி. ஆள்கள் காலிலே பலகை கட்டி ஓடுவான். நான் போறேன்."

ஊரின் பெயரையும் சொல்வார். சோலைமலையின் வாயில் அது நுழைந்ததே இல்லை. அவர் அதற்கு வெள்ளை மலை என்று பெயர் வைத்துவிட்டார். நாளடைவில் துரையும் வெள்ளை மலை என்றே சொல்லத் தொடங்கினார்.

"அங்கே மார்கழியிலே சூரியன் வராது, அப்பு. ஒரு நாளும் வராது. முழு நாளும் ராத்திரி."

சோலைமலை யோசித்தார். விளையாட்டுக்கில்லை, நிசமாகவே யோசித்துத்தான் கேட்டார். "அப்ப பெரட்டு எத்தன மணிக்குங்க தொரை?"

விடியக் கருக்கலில் ஆள்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு இல்லாமல் ஓர் ஊர் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. துரை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, புரையேறி இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, சோலைமலை ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவர வேண்டியதாகிவிட்டது. அந்த இருமல் சில வருசமாகவே அவரிடம் இருந்தது. குளிர் நாளில் கூடும். அடுத்த நாள் சமையல்கட்டில் வீரய்யாவிடம், "தொரைய நான் சிரிக்க வெச்சேன் தெரியுமா" என்று சோலைமலை பெருமையடித்துக்கொண்டார்.

அப்படி எத்தனையோ குளிர்காலம். எந்தக் கப்பலில் போவது, எந்த ரயிலில் ஏறுவது, அங்கே மான் கறி கொடுப்பார்களாம், அதை அவருடைய வயிறு தாங்குமா என்று இரண்டு பேரும் பேசாத பேச்சில்லை. "மான் கறி சூடுங்க தொரை. எலுமிச்சங்கா ஊறுகா போட்டுத் தாரேன், கொண்டுபோங்க" என்பார் சோலைமலை. பிறகு தை பிறக்கும், தேயிலைச் செடியை வெட்டுகிற கவ்வாத்து வேலை வரும், கம்பெனியிலிருந்து ஆள் வருவான், தேசப்படம் மடிந்து அலமாரிக்குப் போய்விடும். துரை போனதே இல்லை. ஏன் போகவில்லை என்று சோலைமலை கேட்டதும் இல்லை. உனக்கு வீடு வாசல், பிள்ளை குட்டி உண்டா என்று துரை கேட்டதும் இல்லை. பனியைப் பற்றிப் பேசினார்கள், அவ்வளவுதான். ஆனாலும் இரண்டு ஒத்தை ஆள்களுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அறுபத்தொன்றாம் வருசம் மட்டும் கூத்து வேறு மாதிரி இருந்தது. துரை நிசமாகவே சாமான் வாங்க ஆரம்பித்தார். கொழும்பிலிருந்து பெட்டி வந்தது. காலுக்குக் கம்பளி மேசு, காதை மூடுகிற தொப்பி, ஆட்டுத்தோல் வைத்துத் தைத்த சட்டை. போதாததற்கு, ஃபேக்டரித் தச்சரைக் கூப்பிட்டு, படத்தைக் காட்டி, முனை வளைந்த இரண்டு நீளப் பலகை செய்யச் சொன்னார். பலகை வந்த அன்றைக்குப் பங்களாவுக்கு முன்னால் சரிந்து கிடக்கிற புல்தரையில் அதைக் காலில் கட்டிக்கொண்டு நின்றார். விடியற்காலப் பனியில் புல் வழுவழுவென்று இருந்தது.

"அப்பு, பிடி. நான் சொன்னால் விடு."

"வேணாங்க தொரை. கை கால் ஒடைஞ்சிரப் போவுது."

"விடு!"

விட்டார். துரை போனார் பாருங்கள், சர்ரென்று. ரோசாப் பாத்தி ஒன்று, வீரய்யா நட்ட டேலியா வரிசை ஒன்று, எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்க் கடைசியில் வேலியில் மல்லாந்து விழுந்தார். கீழே மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து பார்த்து ஓவென்று சிரித்தார்கள். ஜூனோ குரைத்துக்கொண்டு ஓடியது. சோலைமலை பின்னாலேயே பாய்ந்தார். ஓடிப்போய்த் தூக்கினால், துரை சின்னப் பிள்ளை மாதிரி முகமெல்லாம் சிவந்து சிரித்துக்கொண்டு கிடக்கிறார்.

"வெள்ளை மலை, அப்பு! இந்தத் தடவை போறேன்!"

அன்றைக்குச் சாயங்காலம் வீரய்யா சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து பிளேன் டீ குடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான். "அண்ணே, தொரை லீவுக்குத்தான் போறாரா? ஒரேயடியாவா?"

"என்னடா கேள்வி அது?"

"தோட்டத்த விக்கப் போறாங்கன்னு ஆபீசுப் பக்கம் பேச்சு. வெள்ளக்காரத் தொரமாரெல்லாம் ஒவ்வொருத்தரா மூட்ட கட்டிக்கிட்டு இருக்காங்க. டயகமப் பக்கம் ரெண்டு தொரை போயாச்சு. நம்மாளு மட்டும் பனி பாத்துட்டுத் திரும்பி வருவாராக்கும்!"

"வாய மூடிக்கிட்டு டீயக் குடி" என்றார் சோலைமலை. ஆனால் அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. காரணம் இருந்தது.

துரை நினைக்கிற மாதிரி சோலைமலை ஒத்தை ஆள் இல்லை. பணிய லயத்தில், மலையடிவாரத்தில், அவருக்கு ஒரு மகள் இருந்தாள். ராசம்மா. பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். அவளும் புருசன் முத்துலிங்கமும் அந்தத் தையில் இந்தியாவுக்குப் போகிறார்கள். இலங்கைப் பிரஜாவுரிமைக்குப் போட்ட மனு தள்ளுபடியானதும் முத்துலிங்கம் மனசு விட்டுவிட்டான். துறையூர்ப் பக்கம் அவனுடைய சித்தப்பாவுக்குக் கொஞ்சம் காடு இருக்கிறதாம், குடிசை போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். பயணக் காகிதத்தில் சோலைமலையின் பெயரையும் ராசம்மா சேர்த்துத்தான் போட்டிருந்தாள்.

"நீங்க வராம நான் கப்பல்ல கால் வெக்கமாட்டேன்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். "அம்மா செத்த அன்னிக்கும் பங்களாவுல கம்பெனி ஆளு வந்திருக்கான்னு பரிமாறிட்டுத்தான் வந்தீங்க. இனி எனக்காவது ஒழுங்கா இருங்கப்பா."

சோலைமலை பிடிகொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார். மகளைவிடத் துரை பெரிசா என்று கேட்பீர்கள். அப்படிக் கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. பார்த்தே இராத ஊர் அது. அங்கே போனால் மருமகன் வீட்டில் ஒரு மூலை. இங்கே "அப்பு" என்று கூப்பிட ஓர் ஆள் இருக்கிறார். அந்த ஆளும் காலையில் சோலைமலை அவித்த முட்டை இல்லாமல் வாயில் எதையும் வைக்கமாட்டார். துரை திரும்பி வந்து, காரை விட்டு இறங்கி, "அப்பு" என்று கூப்பிடும்போது யாருமே ஏன் என்று கேட்காவிட்டால்? துரை ஒரேயடியாகப் போகிறார் என்றால் பேச்சே இல்லை, மறுநிமிசம் மகளோடு கிளம்பிவிடுவார். திரும்பி வருவார் என்றால் எப்படி விட்டுப்போக? எல்லாம் அந்த ஒன்றில்தான் நின்றது.

துரையிடமே கேட்டுவிடலாம் என்றால், அப்பு துரையிடம் கேட்கிற கேள்வியா அது. ஆனால் கேட்காமலே தெரிந்துகொள்ள அந்தப் பங்களாவில் ஒரு வழி இருந்தது.

பங்களாவுக்குப் பின்னால் சைப்ரஸ் மரத்தடியில் இரண்டு மண்மேடு. இரண்டுமே சோலைமலை வெட்டின குழி. லீவில் போகிற துரை நாயை அப்புவிடம் விட்டுப்போவார். ஒரேயடியாகப் போகிற துரை நாயைச் சுட்டுப் புதைத்துவிட்டுத்தான் காரில் ஏறுவார். வேறு ஆள் கையில் அடிபட்டு, சோறு தண்ணி இல்லாமல் அலைய வேண்டாமாம். அதுதான் அவர்கள் பாசம். முந்தின துரை அப்படித்தான் செய்தார், அதற்கு முந்தினவரும் அப்படித்தான். லீவு, கப்பல், சித்திரையில் வருவேன் என்று வாய் ஆயிரம் சொல்லட்டும். துவக்குச் சத்தம் கேட்டால் துரை திரும்பமாட்டார். கேட்காவிட்டால் திரும்புவார். சோலைமலைக்கு இதில் எள்ளளவும் சந்தேகம் கிடையாது. அன்றிலிருந்து அவருடைய கண் ஜூனோ மேலேயே இருந்தது.

ஜூனோ பாவம், கிழட்டு நாய். பின்னங்கால் இழுத்துக்கொண்டு நடக்கும். பல்லு பாதி போய்விட்டது. துரையின் தட்டிலிருந்து தினம் ஒரு முட்டை அதற்குப் போகும்.

மார்கழி முடிகிற வாரம். துரை கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் சோலைமலை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். சன்னல் வழியாகப் பார்த்தால், துரை கையில் துவக்கோடு பின்பக்கம் நடக்கிறார். "கம், ஜூனோ" என்கிறார். அது வாலை ஆட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, பின்னாலேயே போகிறது. இரண்டு பேரும் சைப்ரஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டார்கள்.

சோலைமலைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிப்போய்த் துரை காலில் விழலாமா என்று நினைத்தார். விழுந்து என்ன சொல்வது? நாயைக் கொல்லாதீங்க என்றா, போகாதீங்க என்றா? கத்தியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "சாமி, முருகா, சத்தம் கேக்கக் கூடாது, கேக்கக் கூடாது" என்று உதடு மட்டும் அசைந்தது. பொத்தின கை வலிக்கிற வரைக்கும் அப்படியே நின்றார்.

கையை எடுத்தபோது கேட்டது வேறு சத்தம். சிமெந்துத் தரையில் டிக் டிக்கென்று நாயின் நகம். ஜூனோ சமையல்கட்டுக்குள் வந்து, வழிந்த பாலை நக்க ஆரம்பித்தது.

அதன் பின்னால் துரை நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தது. இருமினார். துவக்கைக் கதவோரம் சாத்திவிட்டு, "இவளுக்குத் தினம் ஒரு முட்டை, அப்பு. அவிச்ச முட்டை. மறக்காதே" என்றார்.

"மறப்பனாங்க தொரை? நீங்க... எப்ப திரும்பி வருவீங்க?"

துரை அவரைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தார். "மழைக்கு" என்றார். "மழைக்கு வருவேன்."

அப்பாடா! நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டுபோன மாதிரி இருந்தது சோலைமலைக்கு. அன்று சாயங்காலமே, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், குறுக்குப் பாதையில் பணிய லயத்துக்கு இறங்கினார். ராசம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ராசு, நான் வரலம்மா. தொரை திரும்பி வாராரு. நாய் உசுரோட இருக்கு."

அவள் சுளகைக் கீழே வைத்தாள். "நாய் உசுரோட இருக்கிறதுக்கும் நான் போறதுக்கும் என்னப்பா?"

"ஒனக்குத் தெரியாது. ஒரேயடியாப் போறதா இருந்தா சுட்டிருப்பாரு. துவக்கக் கையில எடுத்தாரு, நான் பாத்தேன். சுடல. மழைக்கு வருவேன்னு வாய்விட்டுச் சொல்லிட்டாரு. அவரு வரும்போது பங்களாவுல யாரு இருக்கா?"

"நான் அங்க போய் எறங்கும்போது என் பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டாள் ராசம்மா. சத்தம் போட்டு அழவில்லை. கண் மட்டும் வழிந்தது. உள்ளேயிருந்து வந்த முத்துலிங்கம், "விடு புள்ள. மாமாவ இழுத்துக்கிட்டா போக முடியும்? பேர அடிச்சிரச் சொல்றேன்" என்றான். கோபம் அவனுக்கு. வராமலா இருக்கும்.

மறுநாள் துரை காரில் ஏறுகிற நேரம். ஊறுகாய்ப் போத்தலைத் துணியில் சுற்றிச் சோலைமலை நீட்டினார். துரை அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, இத்தனை வருசத்தில் ஒரு நாளும் செய்யாத வேலையாக, கையை வெளியே நீட்டினார். எதற்கு நீட்டுகிறார் என்று சோலைமலைக்கு முதலில் விளங்கவில்லை. தன் கையைத் துடைத்துக்கொண்டு பயந்து பயந்து கொடுத்தார். துரை அதை இறுகப் பிடித்து, பிறகு விட்டார். கார் தலவாக்கலை ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும் ஜூனோ கேட்டருகில் நின்று பார்த்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து அறையைக் கூட்டித் துடைக்கப் போய் அலமாரியைத் திறந்தால், கம்பளி மேசு, காது மூடுகிற தொப்பி, ஆட்டுத்தோல் சட்டை எல்லாம் மடித்தது மடித்தபடி இருக்கிறது. பலகை இரண்டும் கதவுக்குப் பின்னால் நிற்கிறது.

"அடப் பாவமே, மறந்துட்டுப் போயிட்டாரே! குளிருல என்ன பண்ணுவாரு?" என்று பதறினார் சோலைமலை.

வீரய்யா எட்டிப் பார்த்தான். "ஏண்ணே, பனிக்குன்னு வாங்கின சட்டைய விட்டுட்டா பனிக்குப் போவாங்க?"

"மறந்திருப்பாருடா. சாமான் இங்க இருந்தா ஆளும் வரத்தானே வேணும்?"

"நல்லா யோசிங்கண்ணே. ராசம்மா இன்னும் போகல."

"போடா! ஒன்னய யாருடா கேட்டா?" என்று எரிந்து விழுந்தார். இத்தனை வருசத்தில் வீரய்யாவை அவர் அப்படிப் பேசினதில்லை. அன்று முழுக்க அவருக்கு மனசு சரியில்லை. உள்ளுக்குள் ஏதோ அரித்தது. அப்போதெல்லாம் ஜூனோவைப் பார்ப்பார். அது வெயிலில் கால் நீட்டிப் படுத்திருக்கும். உசுரோடுதானே இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்.

தைப்பொங்கல் கழிந்து நாலைந்து நாளில் ராசம்மா கிளம்பினாள். தலவாக்கலை ஸ்டேசனில் ஒரே கூட்டம். பெட்டி, பாய், உலக்கை, அம்மிக்கல்லைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள் சனங்கள். யார் போகிறவர், யார் வழியனுப்ப வந்தவர் என்று தெரியாதபடி எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்து ஒப்பாரி. ராசம்மா சன்னலோரம் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடி ரயில் அசைகிற வரைக்கும் விடவில்லை.

"அடுத்த வருசம் வந்திருங்கப்பா. தொரை வந்ததும் சொல்லிட்டு வந்திருங்க."

"வாரேன்மா. வராம?"

இரண்டு பேருக்கும் தெரியும். அடித்துப்போட்ட பெயரை மறுபடி ஏற்றி, காகிதம் வந்து, கப்பல் கிடைக்க எத்தனை வருசமோ, யார் இருக்கிறோமோ இல்லையோ. ரயில் போன பிறகும் பிளாட்பாரத்தில் அழுகை நிற்கவில்லை. சோலைமலை அழவில்லை. பங்களாவில் நாய் பட்டினியாகக் கிடக்குமே என்று பஸ்ஸைத் தேடி ஓடினார்.

அதற்குப் பிறகு அந்தப் பங்களாவில் அவர் இருந்த இருப்பை என்னத்தைச் சொல்ல. தினமும் சாயங்காலம் நெருப்படுப்பில் விறகு அடுக்கி மூட்டுவார். நாற்காலியைத் தட்டி வைப்பார். அந்த நாற்காலிக்குப் பின்னால், பழக்கத் தோசத்தில், கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். துரையின் பலகைக்குத் தேங்காயெண்ணெய் தடவினார். கம்பளியை வெயிலில் போட்டு எடுத்தார். "இந்நேரம் வெள்ளை மலைக்குப் போயிருப்பாரு. சூரியன் கொஞ்சம் எட்டிப் பாக்கும்" என்று ஜூனோவிடம் சொல்வார். மழைக்குள் வந்துவிடுவார் என்பார். பேச்சுக்கு வேறு ஆள் இல்லை. திட்டு வாங்கினதிலிருந்து வீரய்யா சமையல்கட்டுப் பக்கம் உட்காருவதை விட்டுவிட்டான். கீழே பணிய லயத்தில் ராசம்மா குடியிருந்த ஒத்தை அறைக் காம்பிராவுக்கு வேறு குடும்பம் வந்து, அங்கே புகை எழும்புவது மேலேயிருந்து தெரியும். சோலைமலை அந்தப் பக்கச் சன்னலைச் சாத்தியே வைத்தார்.

சித்திரை மழை இறங்கின இரண்டாம் நாள் கார் சத்தம் கேட்டது. சோலைமலை போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடினார். ஜூனோவும் காலை இழுத்துக்கொண்டு ஓடியது. காரிலிருந்து இறங்கினது ஆபீஸ் பெரிய கிளாக்கர் கந்தப்பன் ஐயா. கூடவே கொழும்புக்கார இளம் துரை ஒருத்தர், அவருடைய துரைசானி, பின்சீட்டில் அவர்களுடைய சொந்தச் சமையல்காரர். புதுத் துரையும் துரைசானியும் அறை அறையாகப் பார்க்க உள்ளே போய்விட்டார்கள். கிளாக்கர் வாசலில் குடையை மடக்கினார்.

"சோலைமலை, நாளைக்குள்ள சாமான எடுத்துக்கோ. இவங்க ஆளு கூட்டிட்டு வந்திருக்காங்க. ஒனக்கு லயத்துல ஒரு காம்பிரா பாத்துத் தாரேன்."

"எங்க தொரை வந்தா எங்கய்யா தங்குவாரு?"

கிளாக்கர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்குத் தெரியாதா? அவரு ஐப்பசியிலயே வேலைய விடுறதா எழுதிக் குடுத்துட்டாரு. போகும்போது யாரும் மால போட்டு அழுது கூத்தடிக்கக் கூடாதுன்னு ஒருத்தருக்கும் சொல்லவேணாம்னுட்டாரு."

"வெள்ளை மலை? பனி லீவு?"

"என்ன பனி? நெஞ்சுச் சளி முத்திப்போச்சு, பனிமலைப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் எப்பவோ சொல்லியாச்சு. பலகையக் கட்டிக்கிட்டு ஆடினதெல்லாம் ஆசைக்கு. சீமையில அக்கா வீட்டுல இருக்காரு."

சோலைமலை குனிந்து ஜூனோவைப் பார்த்தார். "அப்ப இத ஏன் சுடல?" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "ஒரேயடியாப் போறவங்க சுட்டுட்டுத்தானே போவாங்க? ஏன் சுடல?"

"அதையும் எங்கிட்டச் சொன்னாரு, கடைசி நாளு ஆபீசுல ஒக்காந்து. துவக்க எடுத்துக்கிட்டு மரத்தடி வரைக்கும் போனாராம். அப்ப ஒன் ஞாபகம் வந்துச்சாம். 'அப்புவுக்கு இந்த ஒலகத்துல யாருமே இல்ல, கந்தப்பன். நானும் போயிட்டா தனியா என்ன செய்வான்? நாயாவது தொணைக்கு இருக்கட்டும்'னு சொல்லிக் கண்ணு கலங்கிட்டாரு. தங்கமான மனசுப்பா அவருக்கு."

மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒரு மக இருந்துச்சுங்க ஐயா" என்றார் சோலைமலை. "தொரை ஒரு நாளும் கேக்கலீங்க. நானும் சொல்லல."

கிளாக்கர் மடக்கின குடையை ஓரமாகச் சாத்திவிட்டு, புதுத் துரை கூப்பிடுகிறார் என்று உள்ளே போனார்.

முட்டை வேளை தப்பிவிட்டது. ஜூனோ வந்து சோலைமலையின் வேட்டியை மூக்கால் முட்டியது. "போ நாயே! ஒன்னாலதானே! நீ செத்திருந்தா நான் எம்மகளோட இருந்திருப்பேனே!" என்று காலை ஓங்கினார். ஓங்கின கால் இறங்கவில்லை. அது ஒதுங்கக்கூடத் தெரியாமல் அவரையே பார்த்துக்கொண்டு வாலை ஆட்டியது. சோலைமலை அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஸ்டேசனில் அழாத அழுகையெல்லாம் சேர்த்து வாய்விட்டு அழுதார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய், புதுச் சமையல்காரரிடம் கேட்டு ஒரு முட்டையை அவித்து, பல்லில்லாத நாய்க்குத் தோதாகப் பொடிப்பொடியாக உதிர்த்துப் போட்டார்.